'முதல்' என்ற சொல்லுக்காக நாங்கள் போட்ட சண்டை

2008 அக்டோபர். அலுவலகத்துக்குள் நுழையும்போதே முதலாளியின் குரல் கேட்டது. கையில் ஓர் அச்சுத்தாள் வைத்திருந்தார். போட்டி நிறுவனத்தின் செய்தி அறிக்கை. எந்த மென்பொருளையும் நிறுவாமல், உலாவியில் இருந்தபடியே எந்தத் தொலைபேசிக்கும் பேசலாம், உலகிலேயே முதல்முறையாக என்று போட்டிருந்தார்கள். 'உலகிலேயே முதல்முறையாக' என்பதன் கீழே பேனாவால் மூன்று கோடு இழுத்திருந்தார். மூன்றாவது கோட்டில் தாள் கிழிந்திருந்தது.

"நாம மார்ச் மாசமே திறந்துட்டோமே! இவங்க எங்கிருந்து முதல்?"

நாங்கள் அப்போது ஏழு பேர். செய்த வேலையும் ஒன்றே ஒன்றுதான்: வலைப்பக்கத்தில் ஒரு பொத்தான், அதை அழுத்தினால் மறுமுனையில் சாதாரணத் தொலைபேசி மணியடிக்கும். அந்த ஒரு பொத்தானுக்குப் பின்னால் ஒன்றரை வருட உழைப்பு இருந்தது. அதனால் முதலாளியின் கோபம் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அடுத்த இரண்டு வாரம் நானும் சேர்ந்துதான் ஆடினேன். இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நேர்மை.

என்ன செய்தோம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் எதற்கு இவ்வளவு ஆவேசம் என்று புரியாது. அந்தக் காலத்தில் உலாவிக்குத் தானாக ஒலிவாங்கியைத் தொடத் தெரியாது. ஆனால் கிட்டத்தட்ட எல்லாக் கணினியிலும் உலாவிக்குள் படமும் ஒலியும் ஓட்டும் செருகியான ஃபிளாஷ் பிளேயர் இருந்தது. 2002இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்தே அதற்கு ஒலிவாங்கியைத் தொடத் தெரியும். அது குரலை நெல்லிமோசர் என்ற கோடெக்கில் (ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறை) சுருக்கி, ஆர்டிஎம்பி என்ற ஃபிளாஷின் நெறிமுறை வழியாக, அதாவது எதுவும் தொலையாமல் வரிசையாகக் கொண்டுசேர்க்கும் டிசிபி மேல் ஏற்றி அனுப்பும். தொலைபேசி உலகமோ எஸ்ஐபி என்ற நெறிமுறையில் அழைப்பை ஏற்படுத்தி, ஆர்டிபி என்ற இன்னொன்றில் ஜி.711 என்ற கோடெக்கின் ஒலியை அனுப்புகிற உலகம். இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக உட்காரும் நுழைவாயில்தான் எங்கள் சரக்கு.

நெல்லிமோசரின் ஒரு துண்டில் 256 மாதிரிகள், அதாவது ஒலியின் அளவீடுகள், இருக்கும். 8 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 8,000 மாதிரியில், அது 32 மில்லி விநாடி. தொலைபேசிப் பக்கம் வழக்கமாக எதிர்பார்ப்பது 20 மில்லி விநாடித் துண்டு. இங்கிருந்து ஐந்து துண்டு வந்தால் அங்கே எட்டுத் துண்டாகும், மொத்தம் 160 மில்லி விநாடி. இந்தக் கணக்கை ஒழுங்காக ஓடவைக்கவே ஒரு மாதம் போனது. எங்கள் வெள்ளைப் பலகையின் மூலையில் எழுதிய '160' கடைசிவரை அழியாமல் இருந்தது.

அதைவிடப் பெரிய தலைவலி தாமதம். டிசிபியில் ஒரு பொட்டலம் (தரவுத் துண்டு) தொலைந்தால் அது திரும்பக் கேட்டு வாங்கும்வரை பின்னால் வருவதெல்லாம் வரிசையில் நிற்கும். கோப்பை இறக்குவதற்கு அது சரி. பேச்சுக்கு அப்படி இல்லை, பிந்தி வந்த சொல் வராத சொல்லைவிட மோசம். அப்படிச் சேர்ந்த தாமதம் குறையவும் குறையாது. அழைப்பு தொடங்கும்போது கால் விநாடி இருக்கும், பத்து நிமிடத்தில் ஒன்றரை விநாடி ஆகிவிடும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "சொல்லுங்க" என்பார்கள், இரண்டு பேரும் நிறுத்துவார்கள், மறுபடி இரண்டு பேரும் "இல்ல, நீங்க சொல்லுங்க". ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடலுக்குப் பாதகம் இல்லை என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரையின் கணக்கு. நாங்கள் அதைப் போலப் பத்து மடங்கில் நின்றோம்.

இதைத் தீர்த்தவன் எங்கள் அணியில் கடைசியாகச் சேர்ந்த பையன். படிப்பு முடித்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தம்பி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவன் யோசனை எளிமையானது. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பார், ஆக ஒரு பக்கத்து ஒலியில் ஏறத்தாழப் பாதி மௌனம்தான். வரிசையில் 200 மில்லி விநாடிக்கு மேல் தேங்கினால், மௌனமான துண்டுகளை மட்டும் தூக்கி எறி, தாமதம் தானாக வடியும். பெயர் வைத்ததும் அவன்தான்: மௌனம் தின்னி. முதல் வடிவம் மெல்லிய குரல்காரர்களின் சொற்களில் கடைசி எழுத்தையும் சேர்த்துத் தின்றது. பேச்சு நின்ற பிறகும் பத்துத் துண்டுகளைத் தொடாமல் விடு என்று ஒரு வரி சேர்த்தான். சரியாகிவிட்டது. அன்று இரவு நாற்பது நிமிடம் விடாமல் பேசிப் பார்த்தோம். பேச விஷயம் தீர்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தோம். தாமதம் ஏறவே இல்லை.

சரி, சண்டைக்கு வருவோம்.

எங்களுக்கு முதலில் வந்த எண்ணம், திருடிவிட்டார்கள் என்பதுதான். இரண்டு நிறுவனத்துக்கும் பொதுவாக ஒரு தொலைத்தொடர்பு வழங்குநர் இருந்தார், அவர் வழியாகக் கசிந்திருக்கும் என்று ஒரு கதையே கட்டினோம். இன்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. கதவு ஒன்று திறந்தால் வாசலில் நிற்கிற எல்லோருக்கும் திறக்கும். அதே அக்டோபரில் ஃபிளாஷ் பிளேயரின் பத்தாம் பதிப்பு வந்தது, ஸ்பீக்ஸ் கோடெக்கோடு. நாங்கள் சில வாரங்களில் ஸ்பீக்ஸுக்கு மாறினோம், அவர்களும் மாறினார்கள். வெளியே இருந்து பார்த்தவருக்கு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது போலத்தான் தெரிந்திருக்கும். தொலைபேசி பிறந்த கதையே இப்படித்தானே. 1876 பிப்ரவரி 14 அன்று, ஒரே நாளில், கிரஹாம் பெல் தரப்பு காப்புரிமை விண்ணப்பத்தையும் எலிஷா கிரே தரப்பு முன்னறிவிப்பு மனுவையும் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் கொடுத்தார்கள். யார் முந்தி என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஒரே காலத்தில் ஒரே யோசனை இரண்டு இடத்தில் முளைப்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். திருட்டு என்று வாய்விடுவதற்கு முன் அது இரண்டு பேருக்கும் தற்செயலாக எட்டியிருக்க முடியுமா என்று பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலும் முடிந்திருக்கும்.

ஆதாரம் திரட்டும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்தேன். அதில் தெரிந்துகொண்டதை அதற்குப் பிறகு வேலை பார்த்த ஒவ்வோர் இடத்திலும் சொல்லிவருகிறேன்: நம்மிடம் இருக்கும் தேதியை யாரும் நம்பமாட்டார்கள், நம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும் தேதிதான் செல்லும். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிவு செய்யும் எஸ்விஎன் என்ற மென்பொருளை நாங்கள் வைத்திருந்தோம். அதில் தேதியைச் சேவையகம் போடும், ஆனால் சேவையகமே எங்களுடையது. இன்று எல்லோரும் வைத்திருக்கும் கிட் (Git) என்ற அதே வகை மென்பொருளில் நிலைமை இன்னும் மோசம். எழுதியவரின் கணினி என்ன தேதி சொல்கிறதோ அதுதான் பதிவாகும், ஒரே ஒரு மாறியை மாற்றினால் போன வருடத்துத் தேதி விழும். எங்கள் வடிவமைப்பு ஆவணங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பாதிக்குத் தேதியே இல்லை.

கடைசியில் கைகொடுத்தது நாங்கள் எட்டணா மதிப்பும் தராத ஒன்று: வழங்குநர் மாதாமாதம் அனுப்பும் சிடிஆர் கோப்பு. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி என்கிற அழைப்பு விவரப் பட்டியல். உலாவியிலிருந்து ஒரு தரைவழித் தொலைபேசிக்குப் போன எங்கள் முதல் அழைப்பு அதில் இருந்தது. 11 விநாடி. மூன்றாம் ஆள் பதிவு செய்தது, பணம் கேட்டு அனுப்பியது. இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கூடவே முதல் வாடிக்கையாளருக்கு அனுப்பிய கட்டணப் பட்டியலும் அவர் அனுப்பிய புகார் மின்னஞ்சலும். புகார்க் கடிதம்கூட ஒரு நாள் சொத்தாகும் என்று அன்றுதான் கண்டேன். இன்றைக்கு இதையே தொடங்குகிறவர் இன்னும் எளிதாகச் செய்யலாம். ஆவணத்தின் ஹாஷ் மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒரு நேர முத்திரைச் சேவையிடம் கொடுத்து ஒப்பம் வாங்கிவிட்டால் போதும், அதற்கென்று ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 3161 என்ற எண்ணுள்ள நெறிமுறை 2001 முதலே இருக்கிறது.

அப்புறம்தான் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. போட்டி நிறுவனத்தின் பழைய பக்கங்களை இணையக் காப்பகத்தில் தேடினேன், அவர்கள் பிந்தி வந்தவர்கள் என்று காட்டுவதற்காக. பிப்ரவரி மாதத்துப் பக்கம் ஒன்று கிடைத்தது. அழைப்பின் பேரில் மட்டும் சோதனை ஓட்டம், கீழே எங்களுடையதைப் போலவே ஒரு பொத்தான். நாங்கள் திறந்தது மார்ச்.

முதலாளியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது சோதனை ஓட்டம்தானே, பொதுமக்களுக்குத் திறக்கலையே" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'முதல்' என்பது தனியாக நிற்காத சொல். முதல் சோதனையா, முதல் பொதுத் திறப்பா, காசு வாங்கிய முதல் அழைப்பா? நிறுவாமல் என்றால் ஃபிளாஷ் நிறுவியது கணக்கில் வராதா? எந்தத் தொலைபேசிக்கும் என்றால் அங்கிருந்து இங்கேயும் அழைக்கலாமா? இரண்டு அடைமொழி சேர்த்தால் நாங்கள் முதல், ஒன்றை எடுத்தால் அவர்கள் முதல்.

இரண்டையும் எடுத்தால் இருவருமே இல்லை. அன்று மாலையே அதுவும் கிடைத்தது. 1999 அக்டோபரிலேயே டயல்பேட் என்ற நிறுவனம் வலைப்பக்கத்திலிருந்து அமெரிக்கத் தொலைபேசிகளுக்கு இலவசமாகப் பேசவைத்தது. ஃபிளாஷுக்குப் பதில் உலாவிக்குள் ஓடும் சிறு நிரலான ஜாவா ஆப்லெட், அவ்வளவுதான் வித்தியாசம். 2005இல் யாகூ அதை வாங்கியும்விட்டது. இன்னும் பின்னால் போனால் வோக்கல்டெக் நிறுவனத்தின் இன்டர்நெட் ஃபோன் மென்பொருள், 1995. அதற்கும் முன்னால் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் பொட்டலமாகக் குரல் அனுப்பிப் பார்த்தது 1974இல், அந்த நெறிமுறையை டேனி கோஹன் ஆர்எஃப்சி 741 ஆக எழுதி வைத்தது 1977இல். நாங்கள் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன பந்தயத்தில் முதல் பரிசு கேட்டுக்கொண்டிருந்தோம்.

முதலாளி இதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. காட்டமாக ஓர் எதிர் அறிக்கை எழுதச் சொன்னார். எழுதினேன். நல்லவேளை, வெளியே போகுமுன் ஒரு காப்புரிமை வழக்கறிஞரிடம் காட்டினோம். அவர் ஒரு வாக்கியத்தில் விரலை வைத்தார்: 'அவர்களுடைய சேவை எங்கள் சேவையின் அச்சு நகல்.'

"அவங்க ஏற்கனவே காப்புரிமைக்குப் போட்டிருந்தா?" என்று கேட்டார். விண்ணப்பம் பொதுவாகப் பதினெட்டு மாதம் கழித்துத்தான் வெளியாகும், அதுவரை யாருக்கும் தெரியாது. நாளை அது வழங்கப்பட்டு, நாங்கள் அவர்களுக்குப் பிந்தியவர்கள் என்றும் ஆகிவிட்டால், இரண்டும் ஒன்றே என்று நாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாட்சியாக அந்த வாக்கியம் இருக்கும். அப்போது இந்தத் துறையில் எல்லோருக்கும் இணையத் தொலைபேசி நிறுவனமான வொனேஜ் மீது நடந்த வழக்கு நினைவில் இருந்தது. 2007 மார்ச்சில், வெரைசன் என்ற தொலைபேசி நிறுவனத்தின் மூன்று காப்புரிமைகளை மீறியதாக ஓர் அமெரிக்க ஜூரி தீர்ப்புச் சொல்லி 5.8 கோடி டாலர் கட்டச் சொன்னது. யார் முதலில் சந்தைக்கு வந்தார்கள், யார் பெயரை மக்கள் அறிவார்கள் என்பதற்கெல்லாம் அங்கே வேலையே இல்லை. காப்புரிமையின் கோரிக்கையில் எழுதியிருக்கும் சொற்கள்தான் பேசின.

பெருமை வேறு, உரிமை வேறு என்று அந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்குப் பிரிந்து தெரிந்தது. நாங்கள் மார்ச்சிலேயே பொதுவில் திறந்துவிட்டதால் பல நாடுகளில் காப்புரிமை கேட்கும் வாய்ப்பை அன்றே இழந்திருந்தோம். ஐரோப்பாவில் விண்ணப்பிக்கும் முன் வெளியிட்டால் புதுமை போயிற்று. அமெரிக்காவிலோ ஒரு வருட அவகாசம் உண்டு. அதற்கும் எங்களிடம் பணம் இல்லை. (அங்கேயும் 2013 மார்ச் 16 முதல் யார் முதலில் கண்டுபிடித்தார் என்பதைவிட யார் முதலில் விண்ணப்பித்தார் என்பதுதான் கணக்கு.) வழக்கறிஞர் சொன்ன வழி வேறு: காப்புரிமை எடுக்கப் போவதில்லை என்றால், செய்ததை முழுதாக எழுதித் தேதியோடு வெளியிட்டுவிடுங்கள். உங்களுக்குக் காசு வராது, ஆனால் பிறகு வேறு யாரும் அதைப் பூட்டி வைக்கவும் முடியாது.

எதிர் அறிக்கை குப்பைக்குப் போனது. பதிலாகப் போட்டி நிறுவனத்துக்குத் தனிப்பட்ட முறையில் அரைப்பக்கக் கடிதம் அனுப்பினோம். குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நாங்கள் பொதுவில் திறந்த தேதி இது, சான்று இணைப்பில், ஆகவே உங்கள் அறிக்கையின் இரண்டாம் வரியில் உள்ள இந்த ஒரு சொற்றொடரை மாற்றக் கேட்கிறோம். ஒரே ஒரு வரிக்கு ஒரே ஒரு கோரிக்கை. ஆறாம் நாள் பதில் வந்தது, அவர்களுடைய ஜனவரி மாதச் சோதனைத் தேதிகளோடு. 'உலகிலேயே முதல்' போய் 'முதல் சில சேவைகளில் ஒன்று' வந்தது. நாங்களும் எங்கள் முகப்புப் பக்கத்தில் இருந்த 'முன்னோடி'யைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டோம். கடிதத்தின் கடைசி வரி எனக்குப் பிடித்திருந்தது: எதிரொலியை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

அதுதான் உண்மையான கேள்வி. அந்த இரண்டு வாரத்தில் எங்கள் புகார்ப் பெட்டியில் 43 கடிதங்கள் சேர்ந்திருந்தன. யார் முதல் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. 'என் குரலே எனக்குத் திரும்பக் கேட்கிறது' என்று பாதிப்பேர் எழுதியிருந்தார்கள். ஃபிளாஷில் எதிரொலி நீக்கமே கிடையாது, 2011இல் 10.3 பதிப்பில்தான் அது வந்தது. அதுவரை நாங்களும் அவர்களும் 'ஹெட்செட் மாட்டிக்கொள்ளுங்கள்' என்று ஒரே பதிலைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இப்போது எழுதக் கூசுகிற பகுதி. வழக்கறிஞர் சொன்ன அந்த ஆவணத்தை நான்தான் எழுதினேன், நான்கு பக்கம். 160 கணக்கு, வரிசை, மௌனம் தின்னி எல்லாம் விளக்கமாக. தலைப்பின் கீழே முதலாளியின் பெயர், அடுத்து என் பெயர். மௌனம் தின்னிக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் போயிருந்தது. அதை எழுதியவன் பெயர் எங்கும் இல்லை.

வெளியிடும் நாளன்று தம்பி என் மேசைக்கு வந்தான். "அக்கா, கீழே எங்கயாவது ஒரு வரி போடலாமா?"

"கம்பெனி பேர்லதானேப்பா வருது" என்றேன். மேலே என் பெயர் இருக்கும் தாளைக் கையில் வைத்துக்கொண்டே.

"சரிக்கா" என்றான். அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து வேறு வேலைக்குப் போனான். சம்பளம் அதிகம் என்று காரணம் சொன்னான். நான் நம்பவில்லை, கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்த வேலை முடிந்தாலும் அன்றே ஒரு பொதுக் குறிப்பேட்டில் எழுதிவிடுவேன்: யோசனை யாருடையது, நிரல் யாருடையது, யார் சோதித்தார்கள். ஆறு மாதம் கழித்து எழுதினால் எல்லோருடைய நினைவிலும் அவரவர் பங்கு வளர்ந்திருக்கும், என்னுடையதும் சேர்த்து. காப்புரிமை எடுப்பவர்களுக்கு இது மரியாதை விஷயம் மட்டுமில்லை, கண்டுபிடித்தவர் பட்டியல் தவறாக இருந்தால் அமெரிக்காவில் காப்புரிமையே செல்லாமல் போகலாம். பெயரை எப்படிப் போடுவது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஓப்பஸ். ஸ்கைப்பின் சில்க்கையும் சிஃப் அறக்கட்டளையின் செல்ட்டையும் இணைத்துச் செய்த கோடெக். 2012 செப்டம்பரில் ஆர்எஃப்சி 6716 ஆக வந்தபோது அதன் தலையில் மூன்று பெயர்கள், வெவ்வேறு முகாம்களிலிருந்து வந்தவர்கள். எது யாரிடமிருந்து வந்தது என்பது உள்ளேயே தெளிவாக இருக்கும். அதே சமயம், இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் விதிப்படி, நீங்கள் முன்வைக்கும் யோசனையில் உங்கள் காப்புரிமை ஏதாவது இருப்பது தெரிந்தால் அதை முடிந்தவரை சீக்கிரம் சொல்லிவிட வேண்டும். நீங்கள் ஒரு தர நிர்ணயக் குழுவில் பேசப் போகிறீர்கள் என்றால், போகுமுன் இந்த விதியைப் படித்துவிடுங்கள். பேசிவிட்டு வந்து படித்தவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

2011இல் கூகுள், உலாவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ள வைக்கும் வெப்ஆர்டிசி என்ற நுட்பத்தைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதற்கு முந்தைய வருடம் வாங்கிய ஜிப்ஸ் நிறுவனத்தின் ஒலிநுட்பம் அப்படியே உள்ளே இருந்தது. உலாவிக்கே பேசத் தெரியப்போகிறது, எங்கள் நுழைவாயிலுக்கு வேலை இல்லை என்று புரிந்துபோனது. அந்த வாரம் தம்பியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு.

"அக்கா, நெட்ஈக்யூ பகுதியைத் திறந்து பாருங்க. நம்ம மௌனம் தின்னி அங்க இருக்கு. 'ஆக்சிலரேட்'னு பேர் வெச்சிருக்காங்க. ஆனா நாம மௌனத்தை மட்டும்தான் தின்னோம். இவங்க பேசும்போதே, கேக்கறவருக்குத் தெரியாம, குரலோட ஒரு அதிர்வுச் சுற்றை எடுத்துட்டு ஒட்டிடறாங்க. நம்மளவிட ரொம்ப முன்னாடியே செஞ்சிருக்காங்க. யார் எழுதினாங்கன்னு தேடினேன், கோப்போட தலையில 'வெப்ஆர்டிசி திட்ட ஆசிரியர்கள்'னு மட்டும்தான் போட்டிருக்கு."

2008இல் முதலாளிக்காகத் திரட்டிய காகிதக் கட்டு என் இழுப்பறையில் அப்படியே கிடந்தது, ஒருமுறைகூடப் பயன்படவில்லை. அதில் எஸ்விஎன் பதிவின் அச்சுப்பிரதி இருந்தது. தேடி அந்தப் பக்கத்தை எடுத்தேன். ஒரு தேதி, இரவு 11:40, தம்பியின் பயனர்பெயர், பக்கத்தில் அவன் எழுதிய ஒரு வரி: 'தின்னி இப்போது கடைசி எழுத்தை விட்டுவிடுகிறது.' அந்தப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அவனுக்கு அனுப்பினேன்.